தகட்டின் முதுகு: அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பெல்ட் தகடுகளை அடையாளம் காணுதல் குறித்து

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடபுலச் சிப்பாயின் இடுப்பில் இருந்த பெல்ட் தகடு முட்டை வடிவானது. நீளம் ஏறத்தாழ மூன்றரை அங்குலம், முகத்தில் 'யு.எஸ்.' என்ற இரண்டே எழுத்துகள். 1839ஆம் ஆண்டு மாதிரி என்று வழங்கும் இத்தகட்டையும் அவனது தோட்டாப்பெட்டி மூடியில் இருந்த தகட்டையும் முகம் பார்த்துப் பிரித்தறிய இயலாது. திருப்பினால் தெரிந்துவிடும். பெல்ட் தகட்டின் முதுகில் தோலில் மாட்டும் கொக்கிகள் இருக்கும். பெட்டித் தகட்டின் முதுகில் இரண்டு இரும்புக் கம்பி வளையங்கள் இருக்கும்.

விலை பேசப்படுவதோ முகத்துக்குத்தான். விற்பனைப் பட்டியல்களும் பெரும்பாலும் முகத்தைத்தான் படம் பிடிக்கின்றன. தகட்டை அடையாளம் காட்டும் சான்றுகள் முதுகிலும், அதைவிட மேலாக, அது கிடைத்த மண்ணிலும் உள்ளன என்பதும், இன்றைய சேகரிப்புப் பழக்கம் இந்த இரண்டாம் சான்றை அழித்துவருகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதுகிலிருந்து தொடங்கலாம். மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் அடித்து எழுத்துகளைப் புடைக்கச் செய்து, பின்புறக் குழிவில் ஈயத்தை உருக்கி ஊற்றி, கொக்கிகளை அதில் பதித்தார்கள். சிலவற்றின் ஈயத்தில் 'டபிள்யூ. எச். ஸ்மித், புரூக்ளின்' போன்ற தயாரிப்பாளர் முத்திரையும் உண்டு. நூறாண்டு கடந்த ஈயம் மங்கி வெளிறும். நேற்று ஊற்றிய ஈயத்துக்கு அந்த வயது எளிதில் வராது. வார்ப்புத் தகடுகளுக்கு வேறு சோதனை இருக்கிறது. பித்தளை ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு சுருங்கும். ஆகவே மூலத் தகட்டிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல், மூலத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சிறுத்திருக்கும். அப்போரின் நூற்றாண்டு விழாக் காலத்தில், போர் நடிப்புக் குழுவினருக்காக நேர்மையாகவே செய்யப்பட்ட நகல்கள் பல. அவற்றைப் புதைத்தும் அமிலத்தில் நனைத்தும் பழமை ஏற்றியவர்கள் பிறகு வந்தார்கள்.

தென்புலத் தகடுகளில் சிக்கல் கூடுகிறது. அங்கே ஒரே மாதிரி என்று ஒன்று நிலைக்கவில்லை. பல ஊர்ப் பட்டறைகள் தத்தம் போக்கில் வார்த்துக் கொடுத்தன. செவ்வகமான 'சி.எஸ்.ஏ.' தகட்டைச் சேகரிப்பாளர்கள் 'டென்னசிப் படை' வகை என்கிறார்கள். தகட்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்தப் படை பாசறை அமைத்த, போரிட்ட இடங்களில் அவ்வகை திரும்பத் திரும்பக் கிடைத்ததால் வந்த பெயர் அது. அதாவது, வகைப்பாடே கிடைத்த இடத்தின் மேல் நிற்கிறது. இடக்குறிப்பு இன்றிச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு தகடும் அந்தப் பெயரின் பயனை அனுபவிக்கிறது. அதற்கு ஆதாரமாக எதையும் சேர்ப்பதில்லை.

இந்த வெற்றிடத்தில் போலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. டிஃபனி நிறுவனத்தின் பெயரையும், போர்க்காலத்தில் தோல் தளவாடங்கள் செய்த எமர்சன் கேலார்டின் பெயரையும் சுமந்த, வெல்ஸ் ஃபார்கோ முதலிய பெயர்கள் பொறித்த அலங்காரத் தகடுகள் சந்தைக்கு வந்தன. அவற்றை மெய்ப்பிக்க, 1950இல் வெளியானதாகச் சொல்லிக்கொண்ட ஒரு நூலும் வந்தது. நூலும் போலி! தகடுகளை ஆராய்ந்த ஜே. டங்கன் கேம்ப்பெல் அதை அம்பலப்படுத்தினார். பொருளைப் போலி செய்தவர்கள் மேற்கோள் நூலையும் செய்தார்கள் என்றால், வாங்குபவர் எதை நம்புவார் என்பதைச் சரியாகக் கணித்திருந்தார்கள் என்றே பொருள்.

சேகரிப்பாளர் தரப்பில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட கண்ணிவெடி கண்டறியும் கருவிகளோடு வயல்களில் நடந்தவர்கள் இல்லையென்றால், பல தகடுகள் சாலைக்கும் வீட்டுமனைக்கும் அடியில் போயிருக்கும். தகடுகளை வகைப்படுத்திய காவின், கெர்க்சிஸ் போன்றோரின் தொகுப்பு நூல்களும் எழுந்திருக்கா. இதை நான் ஏற்கிறேன். கருவியின் மேல் குற்றமில்லை. 1876இல் போர் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் தீ பரவி மேற்பரப்பு வெளிப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்சும் அதே வகைக் கருவிகளைத் தன்னார்வலர்கள் கையில் கொடுத்து, கிடைத்த ஒவ்வொரு பொருளின் இடத்தையும் வரைபடத்தில் குறித்தார்கள். தோட்டா உறைகளில் பதிந்த சுடுமுள் தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று காட்ட முடிந்தது. தோண்டிப் பைக்குள் போட்டிருந்தால் அவை வெறும் பழைய பித்தளை.

1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் கூட்டாட்சி அரசு நிலங்களிலும் பழங்குடி நிலங்களிலும் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடுக்கிறது. ஏனைய தனியார் நிலம் அதன் எல்லைக்குள் வராது. அங்கே சட்டத்தை எதிர்பார்த்துப் பயனில்லை. நன்கொடையாகத் தகடுகளை ஏற்கும் அருங்காட்சியகங்கள், அவற்றைத் தோண்டியவரின் குறிப்பேட்டையும் கைவரைபடத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். குறிப்பேடு இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கும்போதே உட்காரவைத்து, எந்த வயல், எந்த ஓடைக்கரை என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். முதல் தலைமுறைத் தேடுநர்களில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே.