வட்டுக்கோட்டைக் கற்கோயில்

கல்முனைக்கு அணித்தாயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய விபுலாநந்த அடிகள் இளமையிற் கல்வி பயின்ற இடங்களுள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையும் ஒன்று. தமிழுக்கும் சமயத்துக்கும் தம் வாழ்வை அளித்த அப்பெரியார் கிறித்தவ மிஷன் பாடசாலையிற் கற்றமை தனித்த நிகழ்ச்சியன்று. இத்தகைய தொடர்பின் பழைய வரலாற்றை அறிய விழைவார்க்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலுள்ள கற்கோயில் தக்கதொரு சான்றாகும்.

1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. நாடு கோயிற்பற்றுகளாக வகுக்கப்பட்டு, அவற்றில் கிறித்தவ ஆலயங்கள் எழுந்தன. வட்டுக்கோட்டையும் அத்தகைய கோயிற்பற்றுகளுள் ஒன்று. 1658இல் ஆட்சியேற்ற ஒல்லாந்தர் இவ்வாலயத்தைத் தம் புரட்டஸ்தாந்து வழிபாட்டுக்கு உரியதாக்கினர். முருகைக்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு தடித்த சுவர்கள் அமைத்தல் அக்காலத்து வழக்கம். ஒல்லாந்தக் குரு பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் இவ்வூர் ஆலயத்தையும் விவரித்துள்ளார்.

ஒல்லாந்தர் காலத்திற் கோயிலும் பள்ளியும் ஒன்றாகவே இயங்கின. திருமுழுக்குப் பெறாதார்க்குத் திருமணப் பதிவும் சொத்துரிமையும் எளிதிற் கிட்டா. ஆதலின் மக்கள் பலர் புறத்தே கிறித்தவராயும் அகத்தே சைவராயும் வாழ்ந்தனர். அச்சத்தால் விளைந்த அச்சமயம், ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டு அக்கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நிலைபெறவில்லை. ஆலயமும் கவனிப்பாரற்றுச் சிதைந்தது.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் இச்சிதைவைச் செப்பனிட்டனர். 1823இல் அவர்கள் இங்கு நிறுவிய செமினரி, தானியேல் பூர் தலைமையில் ஆங்கிலத்தோடு தமிழிலக்கணம், கணிதம், வானநூல் ஆகியவற்றையும் கற்பித்தது. அங்குத் தலைமையாசிரியராயிருந்த ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1854இல் அமெரிக்காவில் வெளிவந்தது. செமினரி மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர்ச் சைவராய் நின்று, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்.

சமயப் பரப்புக்கென எழுந்த நிலையம் தன் நோக்கத்தை நிறைவேற்றவில்லையெனக் கருதிய மிஷன் 1855இல் அதனை மூடியது. எனினும் 1872இல் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. 1947இல் தென்னிந்திய திருச்சபை அமைந்தபோது, யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயராகச் சபாபதி குலேந்திரன் பொறுப்பேற்றார். வட்டுக்கோட்டை ஆலயம் பேராலயமாயிற்று.

இவ்வாலயத்தைக் காணும் சைவ மாணவர் இரண்டினை மறத்தலாகாது. நம் முன்னோர் கோயில்களை இழந்தும் தம் வழிபாட்டை மறைத்தும் வாழ்ந்த காலத்தின் எச்சம் இது. அதன் அயலில் எழுந்த கல்விச்சாலையே நம் பழந்தமிழ் நூல்களைக் காத்தளித்த அறிஞர் ஒருவரையும் உருவாக்கிற்று. ஒன்றைக் கூறி மற்றொன்றை ஒளித்தல் வரலாறாகாது. அதிகாரத்தால் திணித்த சமயம் அவ்வதிகாரத்தோடு மறைந்தது. விரும்பிக் கற்ற கல்வியோ கற்பித்தவர் எண்ணாத பயனையும் தந்து நிலைத்தது.