ஏடும் இரவலும்

இரவல் ஏடுகளால் வாழ்ந்தது தமிழ். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, பலரிடமிருந்த ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கியே 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏடுடையோர் அனைவரும் கொடுக்க மறுத்திருப்பின் அப்பணி எங்ஙனம் நிறைவேறியிருக்கும்?

சென்ற நூற்றாண்டில் நூலகங்கள் இவ்வழக்கத்தை ஒழுங்குபட்ட பணியாக்கின. இங்கிலாந்தின் பொஸ்ரன் ஸ்பாவில் 1962இல் திறக்கப்பட்ட இரவல் நூலகம், கேட்ட நூலகங்களுக்கெல்லாம் ஆய்விதழ்களையும் கட்டுரைப் பிரதிகளையும் அஞ்சலில் அனுப்பிற்று. மின்னிதழ்கள் பரவவே அக்கோரிக்கைகள் பெரிதும் குறைந்தன. நொடியில் வருவதற்கு அஞ்சலை எவர் எதிர்பார்ப்பர்?

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. விலைகொடுத்து வாங்கிய அச்சிதழ் நூலகத்தின் உடைமை. அதனை இரவல் கொடுக்கலாம். மின்னிதழோ பெரும்பாலும் வாடகைப் பொருள். பிறருக்கு அளிக்கலாமா என்பதைப் பதிப்பகத்தின் ஒப்பந்தமே தீர்மானிக்கின்றது. சந்தா நின்றாற் பழைய இதழ்களும் கைநழுவிப் போகலாம். செல்வமுள்ள பல்கலைக்கழகத்துக்கு அது வசதி. வறிய நூலகத்துக்கோ புதிய பூட்டு.

பிரதிகள் பலவிடத்தும் பரவியிருத்தலின் அருமையை நம்மவர் நெருப்பிற் கற்றனர். 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டை எவரிடம் இரவல் கேட்பது? 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிக் கட்டணமின்றிப் படிக்கத் தந்துள்ளது. நெடுந்தீவு மாணவனும் ரொறன்ரோ ஆய்வாளனும் அங்கு ஒரே வாசலால் நுழைகின்றனர்.

மின்னேட்டைப் பூட்டாக்குவதும் திறவுகோலாக்குவதும் மனிதரே. மக்கள் பணத்தில் விளைந்த ஆய்வை மக்களுக்கே திறந்துவிடுமாறு நாம் கோருவோம்.