தமிழ்நாட்டு நூற்பாலைகளும் காற்றாலைகளும்

கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகியதற்குக் கரிசல் மண், பருத்தி, மிதமான தட்பவெப்பம் ஆகிய மூன்றையும் காரணங்களாகப் பாடநூல்கள் கூறும். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். மின்சாரத்தையும் அப்பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும்.

1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலை நீராவியால் ஓடியது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கிய பின்னரே கோவைப் பகுதியில் ஆலைகள் மளமளவென்று எழுந்தன. ஆகவே, இயற்கை ஆற்றலில் இயங்குவது இங்குள்ள ஆலைகளுக்குப் புதிதன்று.

நூற்பாலை இரவு பகலாக ஓடும் தொழில். பருத்திக்கு அடுத்த பெரிய செலவுகளில் மின் கட்டணமும் ஒன்று. மின்சாரம் நின்றால் கதிர்களில் நூல் அறுந்துவிடும். மீண்டும் இணைத்து ஓட்டுவதற்குள் நேரமும் பஞ்சும் வீணாகும்.

1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவை ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறன் கொண்டவை. இன்றைய 2,000 கிலோவாட் இயந்திரங்களோடு ஒப்பிட்டால் பொம்மைகள்தாம். 1990-களில் ஆலை உரிமையாளர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் சொந்தக் காற்றாலைகளை நிறுவினர். முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டலாம் என்ற வருமான வரிச் சலுகை அவர்களை ஈர்த்தது. சூழல் அக்கறையை விட வரிக் கணக்கே பலரை இதில் இறக்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குஜராத்திலும் இதே கதைதான்: சூரத்தில் துணி ஆலை நடத்திய துளசி தந்தி, மின் செலவைக் குறைக்க இரண்டு காற்றாலைகள் வாங்கினார். அந்த அனுபவத்திலிருந்து 1995-இல் சுஸ்லான் நிறுவனம் பிறந்தது.

காற்று மே முதல் செப்டம்பர் வரையே பலமாக வீசும். ஆலைக்கோ ஆண்டு முழுவதும் மின்சாரம் வேண்டும். இதற்குத் தீர்வாக வந்தது 'பேங்கிங்' முறை. ஆடியில் மிஞ்சிய யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துத் தையில் எடுத்துக்கொள்ளலாம். மார்ச் முடிவில் மீதமிருந்தால் வாரியம் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். காற்றுக் காலத்தில் மலிவாகக் கிடைப்பதைப் பெற்று, கோடையில் விலை உயர்ந்த மின்சாரத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்பது வாரியத்தின் குறை. அதிலும் நியாயம் இருந்தது. 2018 ஏப்ரலுக்குப் பின் நிறுவப்பட்ட இயந்திரங்களுக்கு இவ்வசதி மறுக்கப்பட்டது.

2008 முதல் சில ஆண்டுகள் கடும் மின்வெட்டு நிலவியது. ஆலைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. அதே ஆண்டுகளில், மின்தடங்களின் திறன் போதாமல், காற்று வீசும்போதே காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் உண்டு. சொந்தக் காற்றாலை வைத்திருந்தும் டீசல் வாங்கியவரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

கணினி நுழைந்தது இந்த இடைவெளியில்தான். மீட்டர்கள் உற்பத்தியையும் நுகர்வையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கின்றன. சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்று முன்கணிப்பைச் செய்கிறது. ஆலைக்குள்ளே, ஒவ்வொரு கதிரிலும் நூல் அறுவதை உணர்கருவி காட்டிக்கொடுக்கிறது. எந்த இயந்திரம் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் தின்கிறது என்பதும் திரையில் தெரிகிறது. பெரிய ஆலைகளுக்கு இவை எளிது. பழைய 225 கிலோவாட் காற்றாலை ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் சிறு ஆலைக்கு, அது தேய்ந்து நின்றால், அதன் இடத்தில் வைக்கும் புதியதற்குப் பழைய பேங்கிங் உரிமை தொடருமா என்பதே முதல் கேள்வி.