ஜான் கிப்ளிங்: கல்லறை கிடைக்காத மகனும் காத்திருந்த குடும்பமும்

ஜான் கிப்ளிங் (1897–1915) முதல் உலகப் போரில் உயிரிழந்த பிரித்தானியப் படை அதிகாரி. ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன். 18 வயதில் பிரான்ஸ் நாட்டின் லூஸ் போர்க்களத்தில் காணாமற்போனார். அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பதை அறியாமலேயே பெற்றோர் இருவரும் காலமாயினர். போரில் இறந்தவரின் உடல் யாருக்கு உரியது, குடும்பத்துக்கா அரசுக்கா என்ற கேள்வி எழுந்த காலம் அது. அந்தக் கேள்விக்கு விடை காணும் பணியில் மகனை இழந்த இந்தத் தந்தைக்கும் பங்கு உண்டு.

குடும்பப் பின்னணி

ரட்யார்ட் கிப்ளிங் 1865இல் மும்பையில் பிறந்தவர். ‘தி ஜங்கிள் புக்’ நூலால் உலகெங்கும் அறியப்பட்டவர். 1907இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவருக்கும் மனைவி கேரிக்கும் மூன்று குழந்தைகள். மூத்த மகள் ஜோசபின் 1899இல் சிறு வயதிலேயே நிமோனியா காய்ச்சலால் இறந்தாள். எஞ்சியவர்கள் எல்சி, ஜான் ஆகிய இருவர்.

போருக்குச் சென்ற விதம்

1914இல் போர் தொடங்கியபோது இளைஞர்கள் படையில் சேர வேண்டும் என்று கிப்ளிங் ஊர் ஊராகப் பேசினார். ஜானும் சேர விரும்பினார். ஆனால் கண்ணாடி இல்லாமல் தொலைவில் உள்ளதைப் பார்க்க முடியாத அளவுக்கு அவருக்குப் பார்வைக் குறைவு இருந்தது. அதனால் படையில் இடம் கிடைக்கவில்லை. கிப்ளிங் தம் நண்பரான ராபர்ட்ஸ் பிரபுவிடம் பரிந்துரை கேட்டார். ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் கௌரவத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் அப்பிரிவிலேயே ஜானுக்கு அதிகாரிப் பதவி கிடைக்கச் செய்தார். தந்தையின் செல்வாக்கு இல்லாதிருந்தால் ஜான் போர்முனைக்குப் போயிருக்கவே மாட்டார்.

1915 ஆகஸ்டில், 18 வயது நிறைந்த நாட்களில், ஜான் பிரான்ஸ் சென்றார். செப்டம்பர் 25இல் லூஸ் போர் தொடங்கியது. பிரித்தானியப் படை முதன்முதலாக நச்சுவாயுவைப் பயன்படுத்திய போர் இது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 27 அன்று, ஜானின் படை தாக்குதலில் இறங்கியது. அதன்பின் அவரைக் காணவில்லை.

காத்திருப்பு

காயமடைந்து காணாமற்போனார் என்ற தந்தி அக்டோபர் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்தது. இறந்துவிட்டார் என்று அது சொல்லவில்லை. எதிரியிடம் கைதியாக இருக்கலாம், ஏதேனும் மருத்துவமனையில் கிடக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அதில் இடம் இருந்தது. போரிலிருந்து திரும்பிய ஐரிஷ் கார்ட்ஸ் வீரர்களை அந்தத் தாயும் தந்தையும் தேடிச் சென்று விசாரித்தனர். கிடைத்த தகவல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உடல் கிடைக்காத வீட்டில் துக்கத்துக்கு ஒரு நாள் குறிக்கவும் முடியாது.

பின்னர் கிப்ளிங் மகனின் படைப்பிரிவின் வரலாற்றை எழுதும் பொறுப்பை ஏற்றார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1923இல் அது இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் சொந்த மகனைப் பற்றி மிகச் சுருக்கமான ஒரு குறிப்பே உள்ளது. மற்ற வீரர்களைப் பற்றி எழுதியதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் கூட்டவில்லை.

உடல் யாருக்கு உரியது?

இறந்த வீரர்களின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர 1915இல் பிரித்தானியா தடை விதித்தது. வசதி படைத்தவர்கள் மட்டும் தம் பிள்ளைகளைக் கொண்டுவர, ஏழைகளின் பிள்ளைகள் அங்கேயே கிடக்கும் நிலை வரக்கூடாது என்பது ஒரு காரணம். 1917இல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. தளபதிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அதன் கொள்கை. குடும்பத்தார் விரும்பினால் 66 எழுத்துகளுக்குள் ஒரு வாசகம் சேர்க்கலாம். கிப்ளிங் இந்த ஆணையத்தில் உறுப்பினரானார்.

பல தாய்மார்கள் இதை ஏற்கவில்லை. மூன்று மகன்களைப் போரில் இழந்த புளோரன்ஸ் செசில் என்னும் சீமாட்டி, ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை 1919இல் அளித்தார். வரிசையில் நிற்கும் ஒரே மாதிரிக் கல் வேண்டாம், எங்கள் சமய வழக்கப்படி சிலுவை நட உரிமை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நாட்டுக்காக உயிரையே கொடுத்த பின்னும் பிள்ளை அரசின் உடைமைதானா என்ற வேதனை அதில் இருந்தது.

1920 மே மாதம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இதுபற்றி விவாதம் நடந்தது. அங்கே கிப்ளிங்கின் கடிதம் ஒன்று படிக்கப்பட்டது. தமக்குச் சென்று நிற்க ஒரு கல்லறையே கிடைக்கப்போவதில்லை என்றும், தெரிந்த ஓர் இடத்தில் பெயர் பொறித்த கல்லை உடையவர்கள் எவ்வளவு பேறு பெற்றவர்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். ஆணையத்தின் கொள்கையே நிலைத்தது. இரு பக்கமும் பிள்ளையை இழந்த பெற்றோர்கள் இருந்தனர்.

பெயர் தெரியாத வீரர்களின் கற்களில், இவர் யாரென இறைவன் அறிவான் என்று பொருள்படும் சொற்கள் உள்ளன. அவற்றைத் தந்தவர் கிப்ளிங்.

பிற்காலம்

லூஸ் நினைவுச் சின்னம் 1930இல் திறக்கப்பட்டது. கல்லறை தெரியாத 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. ஜானின் பெயரும் அவற்றுள் ஒன்று. கிப்ளிங் 1936இலும் கேரி 1939இலும் மறைந்தனர். எல்சிக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் 1976இல் இறந்ததோடு அக்குடும்பத்தின் நேர்வழி முடிந்தது.

1992இல், லூஸ் அருகே பெயர் தெரியாத ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒருவரின் கல்லறை ஜானுடையது என ஆணையம் முடிவு செய்தது. பதவிக் குறிப்பை வைத்து ஆய்வாளர் சிலர் இதை மறுத்தனர். எனினும் அந்தக் கல்லில் இன்று ஜானின் பெயர் உள்ளது. தந்தை எழுதிய சொற்களைத் தாங்கி அதுவரை பல பத்தாண்டுகள் நின்றது மகனின் கல்லறையாகவே இருந்திருக்கலாம்.

எல்லார்க்கும் சமம் என்ற கொள்கை எல்லாரையும் எட்டவில்லை. ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்கள் முதலில் எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்களுள் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் யாரோ காத்திருந்திருப்பார்கள்.