மலிவான மருத்துவக் காப்புறுதி: வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

வீடு தேடி வரும் காப்புறுதி முகவர் முதலில் சொல்வது மாதாந்தத் தொகையைத்தான். மாதம் சில ஆயிரம் ரூபாய் கட்டினால் பத்து இலட்சம் வரை வைத்தியசாலைச் செலவு கிடைக்கும் என்று கேட்கும்போது நல்லதாகவே தோன்றும். ஆனால் நோய் வரும் வருடத்தில் ஒரு குடும்பத்தின் கையை விட்டுப் போவது அந்த மாதக் காசு மட்டுமல்ல. கையெழுத்திடுவதற்கு முன்னர் வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது.

அறிய வேண்டிய நான்கு தொகைகள்

1. தவணைக் கட்டணம் (பிரீமியம்): நோய் வந்தாலும் வராவிட்டாலும் கட்டுவது. வயது ஏற ஏறக் கூடும்.
2. முதற்கழிவு: முகவர்கள் 'டிடக்டிபிள்' என்பது. பில்லில் முதலில் நாமே கட்டவேண்டிய பகுதி.
3. பங்கு வீதம்: முதற்கழிவு போக மீதியிலும் நாம் கட்டவேண்டிய வீதம்.
4. வருட உச்சவரம்பு: ஒரு வருடத்தில் நிறுவனம் தரும் ஆகக்கூடிய தொகை.

சுவிற்சர்லாந்தில் உள்ள உறவினர்களுக்கு இந்த முதற்கழிவு 'பிரான்சீஸ்' என்ற பெயரில் நன்கு தெரியும். அங்கே வயதுவந்தவர் 300 முதல் 2,500 பிராங் வரை தெரிவு செய்யலாம். அதற்கு மேல் 10 வீதம், அதுவும் வருடத்துக்கு 700 பிராங் வரைதான். ஆகவே 2,500 ஐத் தெரிவு செய்தவருக்கு இவ்விரண்டிலும் வரக்கூடிய அதிகபட்சச் சுமை 3,200 பிராங். இங்கே விற்கப்படும் தனியார் திட்டங்களில் நிலைமை பெரும்பாலும் எதிர்மாறானது. உச்சவரம்பு இருப்பது நிறுவனம் கட்டும் தொகைக்கு. நாம் கட்டும் தொகைக்கு அல்ல.

கணக்கைப் போடுவோம்

விளக்கத்துக்காக இரண்டு கற்பனைத் திட்டங்களை எடுப்போம். திட்டம் 'அ': தவணைக் கட்டணம் வருடத்துக்கு 40,000 ரூபாய், முதற்கழிவு 100,000. திட்டம் 'ஆ': தவணைக் கட்டணம் 90,000, முதற்கழிவு 20,000. இரண்டிலும் பங்கு வீதம் 10, உச்சவரம்பு பத்து இலட்சம். வைத்தியரைச் சனல் பண்ணுவது, இரத்தப் பரிசோதனை, பாமசி மருந்து ஆகியவை விடுதியில் தங்குவோருக்கான திட்டங்களில் பெரும்பாலும் சேராது. அதற்கு வருடம் 60,000 என்று வைப்போம்.

வைத்தியசாலையில் தங்காத வருடம்: அ – 100,000, ஆ – 150,000.
80,000 ரூபாய் பில்: அ – 180,000, ஆ – 176,000. திட்டம் 'அ' இல் நிறுவனம் ஒரு சதமும் தராது.
ஐந்து இலட்சம் ரூபாய் சத்திரசிகிச்சை: அ – 240,000, ஆ – 218,000.
பதினைந்து இலட்சம் ரூபாய் பில்: அ – 600,000, ஆ – 650,000. உச்சவரம்பு முட்டிவிட்டதால் கூடிய கட்டணம் கட்டியும் பயனில்லை.

மூன்று வருடத்தில் இரண்டு வருடம் ஐந்து இலட்சம் ரூபாய் பில் வந்தாலும் 'அ' திட்டத்தின் மொத்தச் செலவு 580,000, 'ஆ' வினது 586,000. ஆகவே மலிவான திட்டம் மோசமானதல்ல. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதற்கழிவுக்கான காசு முதல் மாதத்திலேயே கையிருப்பில் இருக்கவேண்டும். இல்லையென்றால் நகை அடகு வைக்கவேண்டி வரும். அந்த வட்டியையும் கணக்கில் சேருங்கள். முதலில் நாமே முழுப் பில்லையும் கட்டிவிட்டுப் பின்னர் கோரிப் பெறும் திட்டமாக இருந்தால் ஐந்து இலட்சத்தையும் முதலில் தேடவேண்டும். கொழும்புக்குப் போனால் கூடப் போகிறவரின் பயணம், தங்குமிடம், இழந்த நாட்கூலி எல்லாம் தனி.

போர்க்காயம் உள்ளவர்கள் கவனிக்க

விண்ணப்பப் படிவத்தில் முன்னைய நோய், காயம், சத்திரசிகிச்சை பற்றிக் கேட்பார்கள். உடலில் எறிகணைச் சிதறல் இருந்தால், கால் அகற்றப்பட்டிருந்தால் அதை எழுதியே ஆகவேண்டும். மறைத்தால் பின்னர் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். எழுதினால் அந்தக் காயத்தை விலக்கியோ கட்டணத்தைக் கூட்டியோ ஒப்பந்தம் தரலாம், விண்ணப்பத்தை ஏற்காமலும் விடலாம். அந்தக் காயம் விலக்கப்பட்டால் அதற்கான செலவு முழுவதையும் உங்கள் பக்கத்தில் போடுங்கள். படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. பிரதி ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

காப்புறுதிக்கு முன்னர்

யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் சிகிச்சை இலவசம். தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. செயற்கை அவயவங்களுக்கு யாழ். ஜெய்ப்பூர் நிறுவனம் இருக்கிறது. அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. பெரிய சிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம்; 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கையளிக்க முடியும். இவற்றால் நிரப்ப முடியாத செலவு எது என்று பார்த்து அதற்கே காப்புறுதி எடுங்கள்.

முகவரிடம் எழுத்தில் கேட்கவேண்டியவை: முதற்கழிவு வருடத்துக்கு ஒருமுறையா, அனுமதிக்கப்படும் ஒவ்வொரு முறைக்குமா? காத்திருப்புக் காலம் எவ்வளவு? அறை வாடகைக்கு வரம்பு உண்டா? அரச வைத்தியசாலையில் தங்கினால் நாளாந்தக் கொடுப்பனவு உண்டா, அதற்கும் முதற்கழிவு உண்டா? அடுத்த வருடம் கட்டணம் கூடுமா? ஆவணங்களைத் தமிழில் தரும்படியும் கேளுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ செல்லலாம்.

மலிவான திட்டத்தை எடுக்க முடிவு செய்தால், கட்டணத்தில் மிச்சமாகும் காசைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அது வருடத்துக்கு 50,000. இரண்டு வருடத்தில் முதற்கழிவு சேர்ந்துவிடும். அதற்கு முன்னர் நோய் வந்தால் அந்தக் காசு எங்கிருந்து வரும் என்பதற்கு வீட்டில் பதில் இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.