தமிழ்நாட்டுப் பழைய லாரிக்கு கே.ஏ. 08 எண்: தங்கவயலில் வாங்குவோர் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல்: நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பழைய லாரி ஒன்றை விலை பேசி வாங்கி, கிருஷ்ணகிரி வழியாகத் தங்கவயலுக்கு ஓட்டி வர ஒரு நாள் போதும். அந்த லாரி சட்டப்படி வாங்கியவருடையதாக மாறுவதற்கோ வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகின்றன. அதுவரை லாரி நிற்கும், தவணை நிற்காது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பின்னர், தமிழர் பெருமளவில் வாழும் இந்நகரிலிருந்து ஏராளமானோர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று வருகின்றனர். சொந்தமாகச் சரக்கு வாகனம் ஓட்டிப் பிழைக்க முனைவோருக்குப் புதிய லாரியின் விலை எட்டாதது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரம் அவர்களின் கண்ணில் படுவது இயல்பே. ஆயினும் டி.என். எண்ணைக் கழற்றி, தங்கவயல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கே.ஏ. 08 எண்ணைப் பெறுவதற்கு இரு மாநிலங்களின் அலுவலகங்களையும் கடந்தாக வேண்டும்.

முதல் படி தடையில்லாச் சான்றிதழ். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி, லாரி பதிவாகியுள்ள அலுவலகத்தில் படிவம் 28 மூலம் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். திருட்டு வழக்கு ஏதுமில்லை என்ற காவல் துறை அறிக்கையைப் பெற்று, சாலை வரி உள்ளிட்ட அரசு நிலுவைகள் செலுத்தப்பட்டுள்ளனவா என்று சரிபார்த்த பிறகே அதிகாரி சான்று வழங்குவார். முப்பது நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கப்படாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. ஆனால், வாகன் தரவுத்தளத்தில் சான்று பதிவேறாத நிலையில் இந்த விதியை மட்டும் நம்பி முழுத் தொகையையும் கொடுத்துவிடுவது அறிவுடைமையாகாது.

சரக்கு வாகனங்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு முடிச்சு உண்டு. லாரியின் மீது நடப்பில் பர்மிட் ஏதும் இல்லை என்பதற்கான ஆவணத்தை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். அதாவது, விற்பவர் தமது பர்மிட்டை முதலில் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்த நாள் முதல், கர்நாடகத்தில் புதிய பர்மிட் கிடைக்கும் நாள் வரை அந்த லாரியில் வாடகைக்குச் சரக்கு ஏற்ற இயலாது. கடன் வாங்கி லாரி எடுத்தவருக்கு மிகுந்த இழப்பை உண்டாக்குவது இந்த இடைவெளிதான். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சிறு சரக்கு வாகனங்களுக்கு பர்மிட் தேவையில்லை என்பதால், அவற்றை வாங்குவோருக்கு இத்தொல்லை இல்லை.

பழைய லாரிகள் பலவற்றின் பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் அடைக்கப்பட்டிருந்தாலும், படிவம் 35 அளித்து அப்பதிவை நீக்காதவரை அது ஆவணத்தில் தொடரும். மின்னணு அபராத நிலுவைகளையும் முன்பணம் கொடுக்கும் முன்பே பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

கால வரம்பில் பலரும் குழம்புகின்றனர். வேறு மாநில வாகனத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்பது 47ஆவது பிரிவு. இது ஊர் மாறும் உரிமையாளருக்கான அவகாசம். வாங்கியவருக்கு அளிக்கப்பட்ட சலுகை அன்று. உரிமை மாற்றம் 50ஆவது பிரிவின் கீழ் வருகிறது. அதன்படி, வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் தமது பகுதிப் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு விற்றவர் நாற்பத்தைந்து நாட்களுக்குள் தடையில்லாச் சான்றிதழை அனுப்ப வேண்டும்.

தரகர்கள் சிலர் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்தை மட்டும் வாங்கி, பெயர் எழுதாமல் கைமாற்றுவது வழக்கமாக உள்ளது. இதன் விளைவை விற்பவரே முதலில் அனுபவிப்பார். பலமுறை கைமாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது (நவீன் குமார் எதிர் விஜய் குமார்). காரை எப்போதோ விற்றுவிட்டதாகப் பதிவு உரிமையாளர் கூறியது ஏற்கப்படவில்லை. லாரிக்கும் இதே சட்டம்தான்.

சான்றிதழுடன் தங்கவயலுக்கு வந்தபின், படிவம் 27 மூலம் புதிய எண் கோர வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆவணங்களுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். என்ஜின் மாற்றப்பட்டோ பாடி திருத்தப்பட்டோ இருந்து, அது பதிவுச் சான்றில் ஏறாமலிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கர்நாடக சாலை வரி, உயர் பாதுகாப்பு எண் பலகை, புதிய எண்ணுக்கேற்ற காப்பீட்டுத் திருத்தம் ஆகியவை அடுத்து வருவன. காப்பீட்டு மாற்றத்துக்குப் பதினான்கு நாட்களே அவகாசம். விற்றவரின் ஃபாஸ்டேக் வில்லையை அகற்றிப் புதிதாக ஒட்டவும் மறக்கலாகாது.

விலை மலிவாக இருப்பதாலேயே மிகப் பழைய லாரியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தவறாகவே முடியும். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்ததற்கு நேஷனல் பர்மிட் கிடையாது. பல அச்சு லாரிகளுக்கு மட்டும் இந்த வரம்பு பதினைந்து ஆண்டுகள். தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநில எல்லைகளுக்கும் அருகில் அமைந்த தங்கவயலில், கர்நாடகத்துக்குள் மட்டும் ஓடும் லாரிக்குக் கிடைக்கும் சுமை குறைவாகவே இருக்கும்.

பதிவு பெற்ற வணிகரிடமிருந்து வாங்கினால், அவரது லாபத் தொகையின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 2024 டிசம்பரில் நடந்த ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டம் பழைய வாகனங்கள் அனைத்துக்கும் இந்த ஒரே விகிதத்தைப் பரிந்துரைத்தது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத தனிநபர் விற்கும்போது இந்த வரி கிடையாது.