லக்கலையில் நவீன அரசு: எண்பிக்கும் பொறுப்பும் சமூக அதிகாரமும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்துப் பள்ளத்தாக்குகளையும் உள்ளடக்கிய பிரதேசம் லக்கல. வயலும் சேனையும் இங்கு வாழ்ந்த சிங்கள விவசாயிகளின் சீவனோபாயத்துக்கு ஆதாரமாக இருந்து வந்தன. சமூகவியலின் மூலவர்கள் எனப்படும் கார்ல் மார்க்ஸ், எமில் துர்கைம், மக்ஸ் வெபர் ஆகியோரின் கோட்பாடுகள் ஐரோப்பிய நகரங்களையும் ஆலைகளையும் அலுவலகங்களையும் கண்முன் நிறுத்தியே பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. லக்கல போன்ற ஒரு மலைப்பிரதேசத்தில் நின்று அக்கோட்பாடுகளை நோக்கின் நவீன அரசு பற்றி அவை எவற்றைத் தெளிவுறுத்துகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பழைய அமைப்பைக் கவனிப்போம். கண்டி இராச்சியத்தில் லக்கல மாத்தளைத் திசாவையின் ஆட்சிப்பரப்புக்கு உட்பட்டிருந்தது. நிலத்தை அனுபவிப்பவன் அந்நிலத்துக்குரிய சேவையை அரசனுக்கோ பிரதானிக்கோ விகாரைக்கோ ஆற்றக் கடமைப்பட்டிருந்தான். இராசகாரியம் எனப்பட்ட இம்முறையிற் சாதி, தொழில், நில அனுபவம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மறைந்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர தமது கள ஆய்வுகளை மேற்கொண்ட இடங்களுள் லக்கலையும் ஒன்று. இலங்கைப் பௌத்தரின் தெய்வக்குழாம் பற்றி 1966 இல் வெளிவந்த கட்டுரையில், தெய்வங்களின் படிநிலை கண்டி அரசின் படிநிலையை ஒத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். புத்தர் உச்சத்தில் இருக்க, பெருந்தெய்வங்கள் அவரிடமிருந்து பெற்ற ‘வரத்தின்’ பேரில் அதிகாரம் செலுத்துகின்றன. அவற்றின் கீழே ஊர்த்தெய்வங்கள் நிற்கின்றன. அரசனிடமிருந்து திசாவை, திசாவையிடமிருந்து கிராம அலுவலன் என அதிகாரம் வழங்கப்பட்டமைக்கு இது நிகரானது.

சமயத்திற் சமூகம் தன்னையே வழிபடுகிறது என 1912 இல் துர்கைம் கூறியதற்கு இது தக்க உதாரணம் எனலாம். ஆயின் இங்கு வழிபடப்பட்டது சமூகம் முழுவதுமா, அன்றிச் சமூகத்தின் அதிகாரப் படிநிலையா என்ற வினா எழுகிறது. மேலிருப்போரின் ஆணை வானுலக ஆணையின் சாயலைப் பெறும்போது, சேவை சுரண்டலாகத் தோன்றாது முறைமையாகவே தோன்றும். கருத்துநிலையின் தொழிற்பாடு என மார்க்சியம் கூறுவது இதனையே.

இவ்வமைப்பை நிலமானிய முறை என அழைப்பது எளிது. ஆனால் இதில் மார்க்சே எச்சரிக்கையாக இருந்தார் என்பது மனங்கொளத்தக்கது. இலங்கையிற் பிரதம நீதியரசராக இருந்த ஜோன் பட் பியர், இந்திய இலங்கைக் கிராமங்கள் பற்றி 1880 இல் ஒரு நூலை வெளியிட்டார். தமது இறுதி ஆண்டுகளில் அந்நூலைப் படித்துக் குறிப்பெடுத்த மார்க்ஸ், கிராம அமைப்பை ஐரோப்பிய நிலமானிய முறையாக ஆசிரியர் கொண்டமையைக் கடுமையாகக் கண்டித்தார். ஐரோப்பாவின் வரலாற்றுப் படிமுறையை அப்படியே கீழைத்தேயத்தின்மீது ஏற்றலாகாது என்பதே அக்கண்டனத்தின் பொருள்.

1815 இற் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையைத் தொடர்ந்து 1832 இல் அரசுக்குரிய இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலயம், பிரதானிகள் ஆகியோரின் காணிகளுக்குரிய சேவை மட்டும் ஒழிக்கப்படவில்லை. பழைய உறவுகளை முதலாளித்துவம் எங்கும் துடைத்தெறிவதில்லை, தனக்கு ஏற்ற இடங்களில் அவற்றுக்குப் புத்துயிரும் ஊட்டுகிறது என்று கண்டி நாட்டுப்புறத்தை ஆராய்ந்த நியூட்டன் குணசிங்க காட்டியதை ஈண்டு நினைவுகூரலாம்.

எமது நோக்கிற் பெருந்திருப்பம் 1832 அன்று, 1840 ஆகும். அவ்வாண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பதெனக் கூறி இயற்றப்பட்டது. காடுகள், தரிசுகள், குடியிராத அல்லது பயிரிடப்படாத நிலங்கள் யாவும், மாறாக எண்பிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று அது அனுமானித்தது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிரிடப்படும் சேனை நிலமும் இவ்வனுமானத்துக்குள் அடங்கிற்று. கண்டி மாகாணங்களிற் சேனைக்கு உரிமை கோருபவன் அரச சன்னசையோ மானியப் பத்திரத்தையோ வழமையான வரி செலுத்தியதற்கான சான்றையோ காட்ட வேண்டியிருந்தது.

இச்சட்டத்தின் உயிர்நாடி நிலப்பறிப்பு என்பதைவிட, எண்பிக்கும் பொறுப்பு கைமாறியமையே என்பது எமது கருத்து. முன்னர் ஒருவன் ஆற்றிய சேவையும் அயலவரின் அறிவுமே அவனது உரிமைக்குச் சாட்சி. இப்பொழுது காகிதமே சாட்சி. காகிதம் யாரிடம் இருந்தது? பிரதானிகளிடமும் விகாரைகளிடமும் இருந்தது. சேனை வெட்டியவனிடம் இருக்கவில்லை. அவன் பெயர்ந்து எங்கும் செல்லவில்லை. நின்ற இடத்திலேயே அத்துமீறியவன் ஆனான். இதற்கு இரண்டாண்டுகளின் பின், 1842 இல், காட்டில் விழுந்த சுள்ளி பொறுக்குவதைத் திருட்டாக்கிய றைன் மாகாணச் சட்டம் பற்றி இளம் மார்க்ஸ் எழுதினார். வழமை உரிமையைக் குற்றமாக மாற்றும் அதே செயல் மாத்தளை மலைகளிலும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

வெபரின் நோக்கில் நவீன அரசு என்பது ஒரு நிலப்பரப்பில் முறைமையான வன்முறைக்கு ஏகபோக உரிமை கோரும் அமைப்பு. அதன் ஆட்சி சட்டத்திலும் எழுத்து ஆவணத்திலும் தங்கியுள்ளது. இவ்விரண்டையும் 1848 மாத்தளையிற் காணலாம். தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றுக்கு வரிகளை விதித்தார். ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல், அன்றேல் பணம் செலுத்தல் என்ற விதியும் வந்தது. பதினாறாண்டுகளுக்கு முன் ஒழிக்கப்பட்ட இராசகாரியம் வேறு பெயரில் மீண்டுவிட்டதாகவே மக்கள் கொண்டனர். யூலை 26 ஆந் திகதி தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளைக் கச்சேரியைத் தாக்கிய கலகக்காரர் வரிப்பதிவேடுகளை அழித்தனர். யூலை 29 ஆந் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஓகஸ்ட் 8 ஆந் திகதி புரன் அப்பு கொல்லப்பட்டான்.

அரசனை வேண்டிய இக்கலகம் பழமைவாதம் என்று கூறப்படுவதுண்டு. அதன் வடிவம் பழையதே. ஆனால் கலகக்காரர் தீண்டிய இடம் நவீன அரசின் நரம்பு மையம்: பதிவேடு. சட்டவழி அதிகாரத்துக்கு மக்கள் அதன் முறைமையை நம்பிக் கீழ்ப்படிகின்றனர் என வெபர் விளக்குவார். மாத்தளை விவசாயிக்கு அந்நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. மறுப்பதற்கான ஆவணம் இல்லாமையாலும் எதிர்த்தவன் சுடப்பட்டமையாலுமே அவன் அடங்கினான். வெபரின் கோட்பாடு அலுவலகத்தின் உள்ளிருந்து பார்க்கிறது; வாயிலில் நிற்பவனின் நிலையை அது போதிய அளவு கருத்திற் கொள்வதில்லை.

அதே வாயிலில் இன்னொருவனும் நின்றான். முடிக்குரியதாக்கப்பட்ட மலைகள் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது. மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த தொழிலாளர் பலர் வழியிலேயே மடிந்தனர். வந்தவரைத் தோட்டத்தோடு பிணைத்ததும் ஒரு காகிதமே. கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி விடுவிக்கப்படான் எனக் கூறும் ‘துண்டு’ 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

சுதந்திரம் இந்நிலையை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவனும் தன் தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கேயே பிறந்தனர் என்று காட்டினாலன்றி வம்சாவழிப் பிரசாவுரிமையை வழங்க மறுத்தது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவர்களிடம் அவ்வாவணம் இருக்கவில்லை. 1949 இன் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் அகற்றிற்று. 1964 ஒக்ரோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு அரசுகளுக்கிடையே பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. நாடற்றோர் நிலைக்கு இறுதித் தீர்வாகக் கருதப்பட்ட சட்டம் 2003 இலேயே வந்தது.

1840 இனதும் 1948 இனதும் வாக்கிய அமைப்பு ஒன்றே. முன்னையது, உன் நிலம் உன்னுடையது என எண்பி என்றது. பின்னையது, உன் பிறப்பு உன்னுடையது என எண்பி என்றது. அரசு சமூகத்தின் சிந்திக்கும் உறுப்பு, தனிமனித உரிமையைத் தோற்றுவிப்பதும் அதுவே எனத் துர்கைம் கருதினார். ஆனால் தனிமனிதன் யார் எனத் தீர்மானிப்பதும் அவ்வுறுப்பே எனின், உரிமை பெற்றவனோடு உரிமையற்றவனையும் அதுவே தோற்றுவிக்கிறது.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் வேண்டும். தோட்டங்கள் பெரும்பாலும் உயர்ந்த காடுகளிலேயே எழுந்தன, விவசாயியின் வயல்கள் பறிக்கப்படவில்லை என மைக்கல் றொபேட்ஸ் முதலிய வரலாற்றாசிரியர் வாதிட்டனர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நிலப்பறிப்பின் அளவு இடத்துக்கிடம் வேறுபட்டது. ஆனால் சேனையும் மேய்ச்சலும் விறகும் காட்டையே சார்ந்திருந்த பிரதேசங்களில், வயல் தப்பியது என்பது வாழ்க்கை தப்பியது என்பதாகாது. மேலும், பறிக்கப்படாத நிலத்தின் மீதும் அரசின் அனுமானம் தொங்கிக்கொண்டேயிருந்தது. 1897 இன் தரிசுநிலக் கட்டளைச்சட்டம் அதனை மேலும் இறுக்கிற்று.

கண்டி விவசாயியின் நிலப்பசியை 1951 இற் கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை பதிவுசெய்தது. அக்குறை உண்மையானது. ஆனால் அரசியலில் அது பதிவேட்டை எழுதியவனுக்கு எதிராகத் திரும்பாது, மலையின் அப்பக்கத்தில் கொழுந்து கொய்தவனுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. 1948 இற் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த இடதுசாரிகளுள் ஒரு பகுதியினர், 1964 இன் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அரசாங்கத்தில் அமர்ந்திருந்தனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. ஒரே பொறிமுறையால் ஒடுக்கப்பட்ட இரு வர்க்கப் பகுதிகளை ஒரே மொழியில் அழைக்க முற்போக்கு இயக்கம் தவறியமை அதன் ஆழமான தோல்விகளுள் ஒன்றாகும்.

இவை முடிந்த கதையல்ல. நக்கிள்ஸ் காடுகள் 2000 ஆம் ஆண்டிற் பேணற்காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 2010 இல் உலக மரபுரிமையுள் அடங்கின. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருள் மூழ்க, புதிய லக்கல நகரம் கட்டப்பட்டது. காட்டைப் பேணலும் வரண்ட வயலுக்கு நீர் அளித்தலும் வேண்டப்படுவனவே. ஆனால் 1950 ஆம் ஆண்டின் காணி கொள்ளற் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோருபவன் தன் உரித்தைக் காட்ட வேண்டும். யாரிடம் உறுதி இருக்கிறது, யாரிடம் இல்லை என்ற 1840 இன் வினா, நீர்மட்டத்தோடு சேர்ந்து மேலெழுகிறது.

லக்கல உணர்த்துவது யாதெனின், நவீன அரசின் அதிகாரத்தைத் துவக்கிலும் சட்டத்திலும் மட்டும் தேடுதல் போதாது. எவன் எண்பிக்க வேண்டும், எவன் எண்பிக்க வேண்டியதில்லை என்ற பங்கீட்டிலும் அது உறைகிறது. அரசு தன் உரிமையை யாருக்கும் எண்பித்ததில்லை. சேனை விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் மாத்திரம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தத்தம் வாயில்களில், ஒருவரையொருவர் காணாது, காகிதம் தேடி நின்றனர். அவ்விரு வரிசைகளும் ஒன்றே என அவர்களுக்கு உணர்த்துவதே எமது ஆய்வுகள் ஆற்றத்தக்க பணியாகும்.